புதன்கிழமை ரத்தம்

அத்தியாயம் 17

தனசேகரின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருப்பதை ஆனந்தி இரண்டு வாரங்களுக்கு முன்பு பார்த்தாள். கொடைக்கானல் மேல்மலையில், அவர்கள் ஊரான பூண்டியின் குளிருக்கு அவன் எந்நேரமும் மப்ளர் சுற்றியிருப்பான். அதனால் கட்டி அங்கே எத்தனை நாளாக இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆனந்தி தன் சிறுநீரகங்களில் ஒன்றை அவனுக்குக் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. மதுரையில் நடந்த அறுவைச் சிகிச்சை. ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் இறங்கியது, கால் வீக்கம் வற்றியது, ஆறாவது மாதத்தில் அவன் மறுபடி கேரட் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தான். 'ஒங்க வீட்டுக்காரரா இது?' என்று பக்கத்து ஊர்க் கவுஞ்சிக்காரர்கள் ஆனந்தியிடம் கேட்டபோது, விலாவில் இருந்த தையல் தழும்பை அவள் சேலைக்கு மேலாகவே ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

கட்டியைப் பற்றி ஆனந்தி போனில் சொன்னதைக் கேட்ட டாக்டர் சண்முகவள்ளி, "சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க" என்றார். மதுரையிலிருந்து மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் கொடைக்கானல் கிளினிக்குக்கு வருகிற சிறுநீரக டாக்டர் அவர். வழக்கமாக ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். அன்று 'ரெண்டு பேரும்' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை விடிந்தது.

* * *

"மச்சான், நீங்க ஜன்னல் பக்கம் ஒக்காருங்க. அக்கா நடுவுல இருக்கட்டும்."

ஆனந்தியின் தம்பி மதன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்து பிடித்திருந்தான். பின்னால் தார்ப்பாய் போர்த்திய இருபது மூட்டை கேரட்.

"நடுவுல ஒக்காந்தா இவன் கியர் போடுறப்பல்லாம் என் முட்டியில இடிப்பான்" என்றாள் ஆனந்தி.

"இவன் எங்க கியர் போடுறான்? மாட்டு வால முறுக்குற மாதிரில்ல முறுக்குறான்" என்றான் தனசேகர்.

"முறுக்குனாத்தான் மச்சான் மன்னவனூர் ஏத்தத்துல இது ஏறும். ஒங்கள மாதிரிதான், புது பார்ட் போட்டும் மொனங்கிக்கிட்டே இருக்கு."

தனசேகர் சிரித்தான். ஆனந்தியும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தபோதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

ஆனந்தியின் அப்பா இருளப்பன், பூண்டுக் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் இறங்கி வந்து வண்டி அருகே நின்றார். கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் கப்பலேறி வந்தவர். அறுபதைத் தாண்டியும் அவர் பேச்சில் அந்தத் தோட்டம் போகவில்லை.

"வெள்ளனே போய் வெரசா வந்திருங்க மகள். டொக்டர் என்ன சொன்னாலும் போன் பண்ணுங்க."

"சரிப்பா."

பூம்பாறை வரை மூடுபனி. அதற்குப் பிறகு சுற்றுலா வண்டிகள். தனசேகர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகிறான், இரவில் பனியன் நனைய வியர்க்கிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று ஆனந்தி மனதில் குறித்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் அவனுக்கு இரண்டு முறை ரத்தம் எடுப்பார்கள். இரண்டாம் சனிக்கிழமை கிளினிக்கில், டாக்டரின் கண் முன்னால் எடுப்பது ஒன்று. கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அதில் பார்ப்பார்கள்.

இன்னொன்று முதல் புதன்கிழமை, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு லேப்பில். அது, மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு வரக்கூடிய ஒரு வைரஸின் எண்ணிக்கைக்கு. ஊதா மூடி போட்ட அந்தக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து அன்று மாலை பஸ்ஸிலேயே மதுரைக்கு அனுப்புவார்கள்.

புதன்கிழமை மதன் கேரட் லோடு கொண்டுபோகிற நாள். அதனால் மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாகப் போய் வருவார்கள். அறுவைக்குப் பிறகு மலைப்பாதைக் குலுக்கலைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் ஆனந்தி புதன்கிழமைகளில் போனதில்லை. அவளுக்கும் அன்று களையெடுக்கிற சோலி இருக்கும்.

* * *

கிளினிக்கில் நர்ஸ் தனசேகரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னாள். டாக்டர் ஆனந்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"மாத்திரை யாரு குடுக்கிறது ஆனந்தி?"

"நாந்தான் டாக்டரம்மா. காலைல எட்டு, ராத்திரி எட்டு."

"ஒரு வேளைகூடத் தவறினது இல்லையா?"

"தைப்பூசத்துக்குப் பழனி போய்ட்டுத் திரும்புறப்ப பஸ்ஸு ரிப்பேராகி நடுக்காட்டுல நின்னுச்சு. அப்பவும் எட்டு மணிக்கு செல்போன் வெளிச்சத்துல எடுத்துக் குடுத்தேன். பஸ்ஸுல இருந்தவங்கள்லாம் வேடிக்க பாத்தாங்க. ஏன் கேக்குறீங்க?"

டாக்டர் இரண்டு தாள்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது போன தடவ இங்க எடுத்த ரத்தம். மாத்திரை அளவு ஏழு. சரியா இருக்கு. இது பத்து நாளைக்கு முன்னாடி புதன்கிழமை எடுத்தது. வைரஸ் ஒண்ணுமே இல்லைன்னு ரிப்போர்ட் வந்தது. கழுத்துல கட்டி இருக்குன்னு நீங்க சொல்றீங்க, வைரஸ் இல்லைன்னு லேப் சொல்லுது. எனக்கு ஒட்டலை. குழாயில மிச்சம் இருந்த ரத்தத்துல மாத்திரை அளவையும் பாருங்கன்னு மதுரைக்குச் சொன்னேன்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"சுத்தமா இல்லை. மாத்திரையை வாழ்க்கையில தொட்டே பார்க்காத ஆளோட ரத்தம் மாதிரி இருக்கு."

ஆனந்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன்மேல் பழி விழுகிறது என்று நினைத்தாள்.

"சத்தியமா நான் ஒருவேளைகூட..."

"உங்களைச் சொல்லலை. மாத்திரைய விட்டிருந்தா கிளினிக் ரத்தத்துலயும் தெரியும். அதனால ரத்தப் பிரிவு பார்க்கச் சொன்னேன். உங்க வீட்டுக்காரர் பி பாசிட்டிவ். குழாயில இருந்தது ஓ பாசிட்டிவ்."

"லேப்புல மாத்தி ஒட்டிட்டாங்களா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முந்தின மாசங்கள்ல எடுத்ததுல ரெண்டு குழாய் இன்னும் ஃப்ரீசர்ல இருந்தது. அதுவும் ஓ."

"ஓ பாசிட்டிவ் நாந்தானே. நான் புதன்கிழம வந்ததே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

அறுவைச் சிகிச்சை அன்று ரத்தம் கொடுக்க வந்தவர்களில் அவள் பிரிவோடு பொருந்தியது ஒரே ஒருவன்தான். ரத்த வங்கியில் கொடுத்த அட்டையை இன்னும் பர்ஸில் வைத்துக்கொண்டு, டீக்கடையில் எல்லோரிடமும் எடுத்துக் காட்டுகிறவன்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"ஆனந்தி, அது யாருங்கிறது உங்க குடும்ப விஷயம். என் கவலை வேற. அஞ்சு மாசமா இவரோட உண்மையான எண்ணிக்கை என்கிட்ட இல்லை. இந்த வைரஸ் பெரும்பாலானவங்களுக்குச் சின்ன வயசுலயே சாதாரணக் காய்ச்சலா வந்து போயிடும். போனது மாதிரி தெரியும், ஆனா ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்களுக்குள்ள படுத்துக் கிடக்கும். உடம்போட எதிர்ப்புச் சக்தி அதை எழுந்திருக்க விடாது. உங்க வீட்டுக்காரருக்கு அந்த எதிர்ப்புச் சக்தியை மாத்திரை குடுத்து நாமளே குறைச்சு வெச்சிருக்கோம். இல்லைன்னா கிட்னி நிக்காது. அந்த நேரம் பார்த்து வைரஸ் எழுந்தா, அணுக்கள் கண்டபடி பெருகும். நெறி கட்டும். விட்டா அது ஒரு வகைப் புற்றுநோயா மாறும்."

"கழுத்துல இருக்கறது அதுதானா?"

"தெரியலை. அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் அந்த ரத்தப் பரிசோதனை. அஞ்சாவது மாசம் எண்ணிக்கை ஏறியிருந்தது. அடுத்த மாசமும் ஏறினா மாத்திரையைக் குறைக்கணும்னு அவர்கிட்ட சொன்னேன். அடுத்த மாசம் திடீர்னு சுத்தமா வந்தது. தானா அடங்கிடுச்சுன்னு நான் சந்தோஷப்பட்டேன்."

அஞ்சாவது மாதம் எண்ணிக்கை ஏறியதே ஆனந்திக்கு இப்போதுதான் தெரியும். அன்று மாலை வீடு திரும்பிய தனசேகர், 'எல்லாம் நார்மலு' என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

* * *

மூட்டைகளை மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த மதன், கிளினிக் எதிரே தள்ளுவண்டியில் பிரெட் ஆம்லெட் தின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, நீயும் ஒண்ணு சொல்றியா? மொளகு தூக்கலாப் போடச் சொல்றேன்."

"ஏலே, போன தடவ புதன்கெழம ஊசி எந்தக் கையில குத்துனாக?"

"எடது..."

வாயில் இருந்த ரொட்டியை அவன் மெல்வதை நிறுத்தினான்.

வண்டிக்காரர் அடுத்த முட்டையை உடைத்து ஊற்றினார். கல்லில் அது சுரீர் என்றது. மதன் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"யாருக்கா சொன்னது?"

"ஒன் ரத்தமே சொல்லிருச்சு."

"அக்கா, மச்சாந்தான் கேட்டாரு. ஊசி குத்திக் குத்தி நரம்பு சுருண்டுபோச்சு, கையத் தொட்டாலே உயிர் போகுது, ஒரு மாசம் மட்டும் நீ குடுடான்னாரு. அந்த லேப்புப் புள்ளைக்கு யாரு மொகமும் தெரியாது. சீட்டுல இருக்கிற பேரக் கூப்புடும். நான் போயி கைய நீட்டிட்டேன்."

"ஒரு மாசமாலே? அஞ்சு மாசம்."

"ஒன் கிட்னிதான அவருக்குள்ள கெடக்கு. ஒன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணு. அப்ப யாருக்கிட்ட எடுத்தா என்ன, ஒரே ரத்தந்தானன்னு நெனச்சேன்."

"நெசமாவே அப்படி நெனச்சியா?"

மதன் தெருவைப் பார்த்தான். குதிரைக்காரர் ஒருவர் இரண்டு சுற்றுலாப் பெண்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"மொத மாசம் நெனச்சேன்" என்றான்.

"அப்பறம்?"

"அப்பறம் நல்லா இருக்குன்னு ரிப்போட்டு வந்ததும் மச்சான் மொகத்தப் பாக்கணுமே. சின்னப்புள்ள மாதிரி. இனிமே நிறுத்திக்கலாம் மச்சான்னு நான் சொன்னேன் அக்கா. பூண்டு எடுப்பு முடியட்டும்னாரு. ஒன்கிட்ட சொன்னா நீ ஒடஞ்சுபோயிருவன்னாரு."

"எனக்கு ஆபரேசன் முடிஞ்சு மொதமொதல்ல கண்ணு முழிச்சப்ப யாரு மொகத்தப் பாத்தேன் தெரியுமாலே?"

"என் மொகத்தத்தான்."

"ஆமா. அம்மா செத்த பெறகு நான் வளத்த மொகம்."

மதன் அவள் கையைப் பிடிக்க வந்தான். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மூடி கழண்ட டப்பா மாதிரி நிக்காத. ஆம்லெட்டுக்காரரப் பாரு. காசு கேக்குறாரு."

* * *

தனசேகர் பெஞ்சில் இருந்தான். பக்கத்தில் இடம் இருந்தும் ஆனந்தி எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், வாசலில் தலை குனிந்து நின்ற மதனைப் பார்த்தான். விஷயம் தெரிந்துவிட்டது என்பதைச் சொல்ல யாருக்கும் வேலை வைக்கவில்லை.

"ஒட்டஞ்சத்திரம் முருகானந்தம் ஞாபகம் இருக்கா?" என்றான்.

இருந்தது. மதுரை வார்டில் பக்கத்துக் கட்டில். தன் அண்ணன் கொடுத்த சிறுநீரகத்தோடு ஊருக்குப் போனவர்.

"அவருக்கும் இதே வைரஸ்தான். மாத்திரயக் கொறச்சாங்க. மூணே மாசம். கிட்னி போயிருச்சு. இப்ப மறுபடி வாரத்துக்கு மூணு நாளு டயாலிசிஸ் மிஷின்ல கெடக்காரு. அவரு அண்ணன் வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டாரு."

"அதுக்கு?"

"ஒன்னய அறுத்து எடுத்தது ஆனந்தி. தையலு ஆறாம நீ ஒருக்களிச்சுப் படுக்க முடியாமக் கெடந்தத நான் பாத்தேன். அதத் தொலச்சுப்புட்டு ஒன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"தொலஞ்சா தொலயட்டும், நீ இருந்தாப் போதும்னு சொல்ல எனக்கு ஒரு வாயி இருக்குல்ல? அதத் தெறக்கவே விடலையே நீங்க."

"நீ அப்படித்தான் சொல்லுவன்னு தெரியும். அதனாலதான் சொல்லல."

கிளினிக் வராந்தாவில் இருந்த இன்னும் இரண்டு நோயாளிகள் கையில் இருந்த செல்போன்களை மும்முரமாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏத்துறதுக்கு முன்னாடி கமிஷன்காரருக்கு மாதிரிக்கு ஒரு பையி குடுத்து விடுவோம்ல" என்றான் தனசேகர், தணிந்த குரலில். "எல்லாரும் நல்ல பூண்டாப் பொறுக்கித்தான குடுத்து விடுறோம்? எவனாச்சும் சொத்தையக் குடுத்து விடுவானா? அது பொய்யின்னு எவனும் சொல்றதில்ல. நானும் அப்படித்தான் நெனச்சேன். நல்ல ரத்தம் போனா நல்ல பதிலு வரும். அதுக்குள்ள இது தானாச் சரியாயிரும்னு."

"கமிஷன்காரருக்குத் தெரியுங்க. பொறுக்கின பூண்டுன்னு தெரிஞ்சே அவரு வெலயக் கொறச்சுப் போடுறாரு. ரெண்டு பக்கமும் தெரிஞ்சு ஆடுற ஆட்டம் அது. இங்க அந்த அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சவுக நீங்க ரெண்டு பேரு. கட்டி எப்ப வந்துச்சு?"

அவன் மப்ளர் நுனியை விரலில் சுற்றினான்.

"எப்பங்க?"

"ரெண்டு மாசம்."

ஆனந்தி சுவரிலிருந்து நிமிர்ந்தாள். இந்த ஆளின் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அதில் ஒரு பாகம் தன்னுடையது என்பதால் அந்த நினைப்பு இன்னும் உறுதிப்பட்டிருந்தது. ஒரே பாயில் படுத்திருந்தும், கழுத்தில் சுற்றிய ஒரு துணிக்குப் பின்னால் இரண்டு மாதம் அவன் தனியாக இருந்திருக்கிறான்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "தனசேகர் வாங்க. கூட வந்தவங்களும் வாங்க."

* * *

டாக்டர் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அக்குளில் இன்னொன்று இருப்பதையும் கண்டுபிடித்தார். வியர்வை, களைப்பு, எடை எல்லாவற்றையும் ஆனந்தி வரிசையாகச் சொன்னாள். புகார் கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"காலையில எடுத்த ரத்தத்துக்கு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார் டாக்டர். "வைரஸ் எண்ணிக்கை மதுரை போய்த்தான் தெரியும், திங்கட்கிழமை ஆகும். ஆனா எல்.டி.ஹெச். இங்கேயே பார்த்துட்டோம். அணுக்கள் அதிகமாப் பெருகி அழியிறப்ப ரத்தத்துல ஏறுற பொருள் அது. இருநூத்தி நாப்பதுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு அறுநூத்திப் பத்து."

"அப்ப அந்த நோயிதானா?" என்றான் தனசேகர்.

"ரத்தம் சந்தேகத்தைத்தான் சொல்லும். கட்டியில இருந்து துண்டு எடுத்துப் பார்த்தாத்தான் முடிவு. திங்கட்கிழமை மதுரையில அட்மிட் ஆகணும். அதுக்கு முன்னாடி, இன்னைக்கே, மாத்திரையைப் பாதியாக் குறைக்கிறேன்."

"வேணாம் டாக்டரம்மா. துண்டு எடுத்துப் பாத்துட்டுக் கொறைங்க. கிட்னி போயிரும்."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். கிட்னி போனா மிஷின் இருக்கு தனசேகர். இந்த நோய் முத்தினா மிஷின் கிடையாது. ஆரம்பத்துல பிடிச்சா மாத்திரையைக் குறைச்சே சிலருக்கு அடங்கிடும். அந்த அஞ்சு மாசத்தைத்தான் நீங்க எங்கிட்ட இருந்து எடுத்துட்டீங்க."

ஒப்புதல் படிவத்தை அவன் முன்னால் வைத்தார். அவன் பேனாவை எடுக்கவில்லை.

"போடுங்க" என்றாள் ஆனந்தி.

"ஆனந்தி, ஒன்னோட..."

"என்னோடது இல்ல அது. பதினோரு மாசத்துக்கு முன்னாடியே குடுத்துட்டேன். குடுத்ததக் காப்பாத்தணும்னு நீங்க செத்தா, நான் குடுத்ததுக்கு என்ன பேரு? போடுங்க."

அவன் கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போனது.

டாக்டர் படிவத்தை ஆனந்தியின் பக்கம் நகர்த்தினார். சாட்சி இடத்தில் அவள் போட வேண்டும். அவள் பேனாவை வாங்கும்போது டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார்:

"நீங்க உங்களைக் குத்தம் சொல்லிக்காதீங்க ஆனந்தி. உங்க கிட்னியோட அந்த வைரஸ் வரும்னு தெரிஞ்சுதானே எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம். இவருக்கு இந்த வயசு வரைக்கும் அது வந்ததே இல்லை. ரொம்ப அபூர்வம். உங்களுக்கு வந்திருந்தது. அதனால ஆபத்து கூடுதல்னு முன்னாடியே சொல்லித்தான் செஞ்சோம்."

பேனா அப்படியே நின்றது.

"என் கிட்னியோட வந்துச்சா?"

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு தனசேகரைப் பார்த்தார். அவன் கண்களை மூடிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு... சொல்லலையா?"

"யாரு சொல்லணும்?"

டாக்டர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தி, அதை ஒரு நிமிடம் தானே படித்தார். அவர் முகம் மாறியது.

"தனித்தனியா உட்கார வெச்சுச் சொல்லியிருக்கணும். எங்க ஆஸ்பத்திரி ஆளுங்க இவர்கிட்ட மட்டும் சொல்லி எழுதி வாங்கியிருக்காங்க. அது எங்க தப்பு" என்றபடி தாளைத் திருப்பிக் காட்டினார்.

அறுவைச் சிகிச்சைக்கு மூன்று வாரம் முந்தைய தேதி. வைரஸ் பற்றி ஆறு வரி. அடியில், 'இதை என் மனைவிக்கு விளக்கிக் கூறிவிட்டேன். அவருக்குச் சம்மதம்' என்று தனசேகரின் கையெழுத்தில் இருந்தது. கோணல் இல்லாத, நிதானமான எழுத்து.

"சொல்லியிருந்தா நீ குடுக்க மாட்டன்னு பயந்தேன்" என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"குடுத்திருப்பேன்" என்றாள் ஆனந்தி. "அப்பவும் குடுத்திருப்பேன். அதுகூடத் தெரியலையா ஒங்களுக்கு?"

அவள் பார்வை தாளின் கடைசி வரிக்குப் போனது. சாட்சி என்று அச்சடித்த இடத்தில் நீல மையில் இன்னொரு கையெழுத்து. கூட்டுறவுச் சங்கச் சீட்டிலும், அவள் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலும், கல்யாணப் பதிவிலும் அவள் பார்த்த கையெழுத்து. ப. இருளப்பன்.

கொடுப்பதா வேண்டாமா என்று அவள் தவித்த நாட்களில், கேரட் கழுவும் ஓடையில் பக்கத்தில் நின்றுகொண்டு அப்பா சொன்னார்: 'குடுங்க மகள். ஒண்ணும் வராது. நான் டொக்டரிட்ட நல்லா விசாரிச்சுட்டேன்.' தனசேகரின் வார்த்தையை அல்ல, அப்பாவின் அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் அறுவை மேசையில் போய்ப் படுத்தாள்.

"ஆனந்தி, இன்னைக்கு மாத்திரையைக் குறைக்க உங்க கையெழுத்து வேணும்" என்றார் டாக்டர் மெதுவாக.

அவள் போட்டாள். தேதியையும் எழுதினாள். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும், வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டாள்.

வராந்தாவுக்கு வந்தபோது பையில் போன் அடித்தது. மூன்றாவது தடவையாக அடிக்கிறது என்று திரை காட்டியது.

"மகள்? என்ன சத்தத்தையே காணோம்? டொக்டர் என்ன சொன்னார்?"

மதன் வண்டியின் அருகே சாவியோடு நின்றான். பின்னால் தனசேகர் சுவரைப் பிடித்தபடி மெதுவாக வந்துகொண்டிருந்தான். இந்த இரண்டு பேரோடும்தான் இப்போது ஒரே சீட்டில் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும்.

"அப்பா, தோட்டத்துப் பக்கம் எங்கயும் போயிராதீங்க" என்றாள். "வீட்டுலயே இருங்க. ஒங்ககிட்ட கேக்கணும். நான் வாறேன்."

"சரி மகள்" என்றார் இருளப்பன். என்ன கேட்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.